மீன் செத்தால் மறுநாள் பஸ்

மாத்திரை டப்பாவில் திங்கள், செவ்வாய் என்று சீட்டு ஒட்டி வைத்திருக்கும் என் வயதுக்காரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சின்னவர்களிடம் சொன்னால் கைப்பேசியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்படியெல்லாம் இருக்காது" என்று முடித்துவிடுவார்கள். நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், ஏற்காட்டு மலைமேல் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் கடல் மீன்கள் குடித்தனம் நடத்தின. அவற்றை உயிரோடு வைத்திருக்க நான் பட்ட பாட்டைப் பிற்பாடு என் சொந்தப் பிள்ளைகளை வளர்க்கக்கூடப் படவில்லை. அவர்கள் பாட்டுக்கு வளர்ந்தார்கள்.

என் அப்பாவும் அம்மாவும் காப்பி எஸ்டேட்டில் வேலை பார்த்தார்கள். தாத்தா காலத்தில் சேலத்துப் பக்கமிருந்து மலையேறிய குடும்பம். லயம் என்கிற எஸ்டேட் வரிசை வீடுகளில் ஒரு வீடு, வீட்டுக்குப் பின்னால் ஒரு மாடு. லயத்தில் என் வயதுப் பிள்ளைகள் ஏழு பேர் இருந்தார்கள். ஏழும் பையன்கள். ஏழு பேரும் என்னை ஆட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். நான் எதிலும் சட்டம் பேசுவேன் என்பது அவர்களுடைய புகார். புகாரில் உண்மை உண்டு என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்த மாதத்தில் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் புதிய கம்பவுண்டர் வந்தார். ஆஸ்பத்திரி என்றால் இரண்டு அறை. முன்னறையில் மருந்து, பின்னறையில் அவர் குடும்பம். ராமநாதபுரத்துக் கடற்கரைக்காரர். சாமான் லாரியிலிருந்து முதலில் இறங்கியது பாத்திரம் பண்டம் அல்ல, இரும்புச் சட்டத்தில் பதித்த பெரிய கண்ணாடிப் பெட்டி. எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, புதுக் கம்பவுண்டர் மிட்டாய்க் கடையும் வைப்பார்போல என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். நாங்கள் ஒரு வாரம் மிட்டாய்க்குக் காத்திருந்தோம்.

லாரியிலிருந்து இரண்டாவதாக இறங்கியவள் கம்பவுண்டரின் மகள். என் வயது. முன்பல் ஒன்று இல்லை. மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்தாளாம். அதை முதல் வகுப்பில் தேறியதுபோல் பெருமையாகச் சொன்னாள். எனக்கு அவளை உடனே பிடித்துப்போயிற்று. அன்று மாலைக்குள் நாங்கள் தோழிகள்.

மூன்றாவதாக இறங்கியவர் கம்பவுண்டரம்மா. இறங்கும்போதே தோளில் போர்வை. மூடுபனியைப் பார்த்து, எங்கே தீப்பிடித்தது என்று கேட்டார். எதைக் கேட்டாலும் பாதி வார்த்தையில் பதில் சொல்வார். அவரைப் பார்த்தாலே எனக்குக் கொஞ்சம் பயம்.

தொட்டியை ஆஸ்பத்திரி முன்னறையில் சிமெண்டுத் திட்டில் வைத்தார்கள். அதற்குக் கடல் தண்ணீர் வந்த வழியைக் கேளுங்கள். மாதம் ஒருமுறை ராமநாதபுரத்திலிருந்து சேலத்துக்குக் கருவாட்டு லாரி வரும். அதில் கம்பவுண்டரின் மச்சான் பிளாஸ்டிக் கேன்களில் கடல் தண்ணீரை ஏற்றிவிடுவார். டிரைவர் அடிவாரத்து டீக்கடையில் இறக்கிவைப்பார். அங்கிருந்து பஸ் கூரையில் ஏறி எங்கள் எஸ்டேட்டுக்கு வரும். பஸ் கண்டக்டர் அதைக் கடைசிவரை ஏதோ கஷாயம் என்றே நினைத்திருந்தார்.

மூன்றாவது லாரியில் மீன் வந்தது. இரண்டே இரண்டு. கறுத்த உடம்பில் சுண்ணாம்பு பூசியதுபோல இரண்டு வெள்ளைப் பட்டை, மஞ்சள் வால். நீந்தத் தெரியாதவைபோல இடுப்பை ஆட்டி ஆட்டி நீந்தும். அதனால்தான் கோமாளி மீன் என்று பெயர் என்றார் கம்பவுண்டர். கடலில் அது கடல் சாமந்தி என்ற பூப்போன்ற பிராணியின் மடியில் குடியிருக்குமாம். இங்கே சாமந்திக்கு எங்கே போவது? ஒரு சின்ன மண்சட்டியைக் கவிழ்த்து, வாயருகே உடைத்து வாசல் வைத்துக்கொடுத்தார். இரண்டும் ஒரே நாளில் அதைத் தங்கள் வீடாக்கிக்கொண்டன.

ஒன்று பெரியது, ஒன்று சின்னது. பெரியது ஆண், குடும்பத் தலைவர், சின்னது அதன் பெண்டாட்டி என்று கம்பவுண்டர் எங்களுக்கு விளக்கினார். அடுப்படியிலிருந்து கம்பவுண்டரம்மாவின் குரல் வந்தது.

"பெருசுதான் பொம்பள. வீட்டுக்குள்ள யாரு வரலாம் வரக்கூடாதுன்னு அதுதான பாக்குது."

கம்பவுண்டர் சிரித்துவிட்டார். அவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். நாங்களும் பெரிய மனுஷிகள்போல அவரோடு சேர்ந்து சிரித்தோம். கோமாளி மீனில் பெரியதுதான் பெண் என்று ஐம்பது வருஷம் கழித்து ஒரு மீன் கண்காட்சியில் பலகையில் எழுதியிருந்ததைப் படித்தேன். அந்த இடத்திலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அந்த மீன்கள் வந்த மறுநாள் தோழி என்னை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோய் ரகசியம் சொன்னாள்.

"எங்கம்மாவுக்கு இந்தக் குளிர் ஒத்துக்கலயாம். முதல் மீன் செத்து மிதக்குற அன்னைக்கு, மறுநாள் பஸ்ஸுல நானும் அம்மாவும் கீழ இறங்கிருவோம். அப்பாவும் சரின்னுட்டாரு."

கிடைக்காமல் கிடைத்த ஒரு தோழி. அவள் இந்த மலையில் இருப்பதும் போவதும் இரண்டு மீன்களின் மூச்சில் இருக்கிறது. அவளுக்கும் போக மனமில்லை. கடலைவிட இங்கே ஆரஞ்சுப் பழம் திருடுவது நன்றாக இருக்கிறது என்றாள். அன்றே சேர்வராயன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து இருவரும் ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டோம். அதோடு கம்பவுண்டரம்மா எங்கள் எதிரி என்றும் முடிவு செய்தோம். மீன் எப்போது சாகும் என்று அவர் காத்திருக்கிறார், நாம் சாக விடக்கூடாது. கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

முதலில் அவற்றைக் கொல்லப் பார்த்தது நான்தான்.

கடல் தண்ணீரின் கனத்தைப் பார்க்கக் கம்பவுண்டரிடம் தனிக் கருவி ஏதும் கிடையாது. பால்மானி வைத்திருந்தார். பால் சொசைட்டியில் பாலில் போட்டுப் பார்ப்பார்களே, அதே கண்ணாடிக் குழல். கடல் தண்ணீரில் விட்டால் இருபத்தைந்து என்ற கோட்டில் நிற்க வேண்டும் என்பார். ஆவணியில் மலைக் கிராமங்களுக்குத் தடுப்பூசி போடப் பத்து நாள் புறப்பட்டபோது தொட்டியை எங்களிடம் ஒப்படைத்தார். கோடு இருபத்தைந்தைத் தாண்டினால் ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஊற்றுங்கள் என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார்.

நான் மாடு வளர்க்கிற வீட்டுப் பெண். பால்மானி என்றால் எங்கள் வீட்டில் சாமிக்குச் சமானம். கோடு மேலே இருந்தால் நல்ல பால், கீழே இறங்கினால் தண்ணீர் கலந்த பால். விளையாட்டுக்கு ஒருமுறை பால் செம்பில் தண்ணீர் ஊற்றியதற்காக அம்மா என்னை விளக்குமாற்றால் அடித்திருக்கிறார். அப்படி இருக்கும்போது, நல்ல கனமான கடல் தண்ணீரில் கிணற்றுத் தண்ணீரைக் கலப்பதா? கம்பவுண்டர் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். தண்ணீர் குறையக் குறைய, கேனிலிருந்து அசல் கடல் தண்ணீரையே ஊற்றினேன். கோடு இருபத்தாறு ஆயிற்று, இருபத்தெட்டு ஆயிற்று. ஒன்பதாம் நாள் முப்பது. தோழியிடம், கடலிலேயே இவ்வளவு சுத்தமான தண்ணீர் இருக்காது என்றேன். அவளும் என்னைப் பெருமையாகப் பார்த்தாள்.

மீன்கள் மட்டும் பெருமைப்படவில்லை. ஊறவைத்து நசுக்கிப் போட்ட காய்ந்த இறாலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சின்னது ஒரு மூலையில் சாய்ந்து வேகவேகமாக வாயைத் திறந்து மூடியது. நாங்கள் தொட்டியின் முன்னால் அழ ஆரம்பித்தோம். வெந்நீர் எடுக்க அந்த வழியாக வந்த கம்பவுண்டரம்மா நின்றார். விரலைத் தொட்டிக்குள் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"இது கடத்தண்ணி இல்லத்தா, உப்பளத்துத் தண்ணி. மீனு வளக்குறீங்களா, கருவாடு போடுறீங்களா?"

ஆவியாகிப் போவது தண்ணீர்தான், உப்பு அப்படியே தங்கிவிடும் என்று இரண்டே வரியில் சொன்னார். ஒரே அடியாக ஊற்றாதே, வேளைக்கு ஒரு செம்பாக ஊற்று என்றும் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். எங்களைக் கேலி செய்கிறார் என்று எனக்கு ஆத்திரம். ஆனாலும் வேறு வழி தெரியாததால் அவர் சொன்னபடியே செய்தேன். இரண்டாம் நாள் சின்ன மீன் இறாலைக் கவ்வியது. நாங்கள் துள்ளிய துள்ளலில் ஊசி போட வந்திருந்த கிழவர் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். எதிரி ஏன் வழி சொன்னார் என்று நாங்கள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. சந்தோஷத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு யோசனை எங்கே வரும்?

ஐப்பசிக் கடைசியில் பழம் சிவந்து, காப்பி பறிப்பு தொடங்கிய வாரம், மச்சான் இன்னும் மூன்று மீன்களை அனுப்பினார். பெரிய கண்ணும் செக்கச் சிவந்த உடம்புமாக இரண்டு. அவை பகலெல்லாம் கல்லிடுக்கில் பதுங்கியிருக்கும். மூன்றாவது, வெளுத்த நீள மீன். வாய் நிறைய மணலை அள்ளி, செவுள் வழியாகச் சலித்துவிட்டுக்கொண்டே திரியும். யாரோடும் சண்டைக்குப் போகாத சாதுக்கள் என்று கடிதத்தில் எழுதியிருந்தார். மணல் சலிப்பதைப் பார்க்க லயமே திரண்டு வந்தது. மேஸ்திரி, இதற்கும் ஒரு முறம் கொடுத்துப் பழம் புடைக்க விடலாம் என்றார்.

சாதுக்கள் சண்டைக்குப் போகாவிட்டாலும் சண்டை அவர்களைத் தேடி வந்தது. மூன்று மாதம் தனிக்காட்டு ராஜாவாக இருந்த பெரிய கோமாளிக்குப் புது ஆட்களைப் பிடிக்கவில்லை. தொட்டியின் அந்தக் கோடிவரை தன் இடம் என்றது. மணல் சலிக்கிறதைத் துரத்தித் துரத்திக் கடித்தது. இரண்டு நாளில் அதன் வால் கிழிந்து நார்நாராகத் தொங்கியது. காற்றுக் குழாய்க்குப் பின்னால், தண்ணீரின் மேல்மட்டத்தில், அசையாமல் ஒட்டிக்கொண்டு கிடந்தது. கோமாளிகளைத்தான் கடைசியாக விட்டிருக்க வேண்டும், முதலில் விட்டது தப்பு என்று கம்பவுண்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். இது இரண்டு நாள் தாங்கினால் பெரிது என்றார். அவர் மீனைப் பற்றிச் சொன்னார். என் காதில் பஸ் ஹாரன் கேட்டது.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் கிடையாது. அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனேன். காப்பிக் காட்டில் ஒரே கூச்சல். அடிவாரத்திலிருந்து புதிதாக ஆறு குடும்பம் பறிப்புக்கு வந்திருந்தது. எங்கள் எஸ்டேட்டில் செடி வரிசையை நிரை என்போம். பறிப்பு முடியும்வரை ஆளுக்கு ஒரு நிரை. நல்ல காய்ப்புள்ள நிரையைப் பிடித்தவர்கள் புது ஆட்களைப் பக்கத்தில்கூட வரவிடவில்லை. கூடையைத் தட்டிவிடுவதும் ஏசுவதுமாக இருந்தார்கள். மேஸ்திரி யாரையும் திட்டவில்லை. விசில் அடித்தார். எல்லோரையும் காட்டைவிட்டு வெளியே வரச்சொல்லி, பாதையில் உட்காரவைத்தார். பழைய நிரை அத்தனையும் ரத்து. முதலில் புது ஆட்களை இறக்கினார். பழைய ஆட்களைக் கடைசியாக, வேறு வேறு நிரையில் விட்டார். அரை மணி நேரத்தில் காடு அடங்கிவிட்டது. அவரவர்க்குத் தன் நிரை எங்கே தொடங்குகிறது என்று தேடுவதற்கே நேரம் போதவில்லை. இது அவர் ஒவ்வொரு வருஷமும் செய்வதுதான். அன்றைக்குத்தான் அது என் கண்ணில் பட்டது.

சோற்றுத் தூக்கை அம்மாவின் கையில் திணித்துவிட்டு ஒரே ஓட்டமாக ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கம்பவுண்டர் லயங்களைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தார். தோழியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் கதவைச் சாத்தினாள். மருந்து எனாமல் பேசினில் தொட்டித் தண்ணீரை மொண்டு, கோமாளிகள் இரண்டையும் சட்டியோடு தூக்கி அதில் விட்டோம். பிறகு கல் ஒவ்வொன்றாக இடம் மாற்றினோம். இந்தக் கோடிக் கல் அந்தக் கோடிக்கு. குகை இருந்த இடத்தில் வெட்ட வெளி, வெட்ட வெளி இருந்த இடத்தில் குகை. தண்ணீர் கலங்கி, இரண்டு பேரும் தோள்வரை நனைந்து, ஒரு கல்லைப் போட்டு என் கால் விரல் நசுங்கி, ஒருவழியாக முடிந்தது. மணல் சலிக்கிற மீன் முதல் தடவையாகக் கீழே இறங்கி, ஒரு கல்லின் அடியில் மணலைத் தோண்டியது. அது நன்றாக உள்ளே போய் உட்காரும்வரை பொறுத்தோம். கடைசியாகத்தான் கோமாளிகளை விட்டோம். சட்டியையும் எதிர்க் கோடியில் வைத்தோம்.

பெரியதுக்குத் தலைகால் புரியவில்லை. பழைய மூலைக்குப் போய்ப் பார்த்தது. வீடு இல்லை. கல்லை ஒரு சுற்று சுற்றியது. மணல் சலிக்கிறதன் வாசலைக் கடந்துதான் போயிற்று, ஆனால் நிற்கவில்லை. தன் வீட்டைத் தேடுகிறவளுக்கு அடுத்தவளைத் திட்ட ஏது நேரம்? சாயங்காலம்தான் சட்டியைக் கண்டுபிடித்து உள்ளே நுழைந்தது. அதற்குள் மணல் சலிக்கிறதும் தன் குகைக்குச் சொந்தக்காரியாகிவிட்டது. இருவரும் எல்லை போட்டுக்கொண்டார்கள்.

கம்பவுண்டர் வந்து தரையெல்லாம் தண்ணீராகக் கிடப்பதைப் பார்த்து முதலில் கத்தினார். அப்புறம் தொட்டியைப் பார்த்தார். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். செய்தி லயத்துக்குப் போய், இருட்டுவதற்குள் மேஸ்திரியே நேரில் வந்தார். இடுப்பில் கை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"ஏனுங்க, நிரை மாத்தினா மனுசனே அடங்கறான், மீனு அடங்காதுங்களா? நொம்ப நல்லா செஞ்ச கண்ணு."

அந்த 'கண்ணு' எனக்குப் பதக்கம் மாதிரி. ஏழு பையன்களும் வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது இன்னும் விசேஷம். மறுநாளிலிருந்து அவர்கள் என்னை ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

கார்த்திகைக் கடைசியில் மழை பிடித்தது. மருந்து வாங்கக் கம்பவுண்டர் காலை பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கினார். மத்தியானம் மலைப்பாதையில் மண் சரிந்து, பஸ்கள் அடிவாரத்தோடு நின்றுவிட்டன. மலைக்கு இன்னொரு பாதையான குப்பனூர் வழியிலும் மரங்கள் விழுந்து கிடப்பதாகச் செய்தி வந்தது. அன்றைக்கே கரண்டும் போயிற்று. தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டார் நின்றது. தண்ணீரை வெதுவெதுப்பாக வைத்திருக்கத் தொங்கவிட்டிருந்த குண்டு பல்பும் அணைந்தது. குமிழி நின்ற தொட்டியின் அமைதியை என் காது இன்னும் மறக்கவில்லை.

இப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்று கம்பவுண்டர் முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார். பிரஷர் பார்க்கிற கருவியின் ரப்பர் உருண்டையைக் கழற்றி, காற்றுக் குழாயில் மாட்டி, கையால் அமுக்க வேண்டும். ஒத்தடம் கொடுக்கும் ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றித் தொட்டியில் மிதக்கவிட வேண்டும். உருண்டை எங்கள் கையில் இருந்தது. வெந்நீர்தான் எதிரியின் அடுப்பில் இருந்தது.

நான் திட்டம் போட்டேன். தோழிக்கு வயிற்று வலி. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கம்பவுண்டரம்மா ஒன்றும் கேட்காமல் பையில் வெந்நீர் நிரப்பிக்கொடுத்தார். கூடவே ஒரு டம்ளர் சுக்குக் கஷாயமும் கொடுத்து, எதிரிலேயே நின்று குடிக்கவைத்தார். இரண்டு மணி நேரத்தில் பை ஆறிவிட்டது. மறுபடி வயிற்று வலி, மறுபடி வெந்நீர், மறுபடி கஷாயம். அன்று மாலைக்குள் பாவி நான்கு டம்ளர் குடித்திருந்தாள். கடைசி டம்ளருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. எங்களுக்குள் யார் யாருக்காக என்ன செய்தோம் என்று பேச்சு வரும்போதெல்லாம் அவள் இன்றைக்கும் அந்த நான்கு டம்ளரைத்தான் சொல்லிக்காட்டுகிறாள்.

இருட்டும் நேரத்தில் அம்மா வந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போனார். நான் வர மாட்டேன் என்று அழுதேன். தூங்காமல் அமுக்குவதாகத் தோழி சத்தியம் செய்தாள். விடிந்ததும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினேன். சத்தியம் செய்தவள் தொட்டிக்குக் கீழே பாய் விரித்து வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். செத்தோம் என்று எட்டிப் பார்த்தேன். ஐந்து மீனும் இருந்தன. கோமாளிகள் சட்டி வாசலில் இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தன. தண்ணீரில் கை வைத்தேன். ரப்பர் பை சுடச்சுட இருந்தது.

சேர்வராயன்தான் காப்பாற்றினார் என்று முடிவு செய்தோம். வேண்டுதலை இரண்டு தேங்காயாக்கினோம். அன்று பகலெல்லாம் அமுக்கினோம், கஷாயம் குடித்தோம். இந்தத் தடவை எனக்கும் வயிற்று வலி. இரண்டாம் இரவும் அப்படியே கழிந்து, மூன்றாம் நாள் காலையிலும் ஐந்து மீன்களும் உயிரோடு இருந்தன.

அன்று காலை கம்பவுண்டரம்மா மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். பின்னல் நிற்கவில்லை. மறுபடி பிரித்தார், மறுபடி பிடித்தார். வலது கை விரல்கள் மடங்க மறுத்தன. என்னைப் பார்த்து, நீ பின்னி விடு ஆத்தா என்று ரிப்பனை நீட்டினார். ரிப்பனை வாங்கும்போது அவர் உள்ளங்கையைப் பார்த்தேன். கட்டைவிரல் அடியில் தோல் உரிந்து சிவந்திருந்தது. எனக்கும் அதே இடத்தில் சின்னதாக ஒரு கொப்புளம் இருந்தது. அது எதை அமுக்கினால் வரும் என்று எனக்குத் தெரியும்.

நான் என் கையை அவர் கைக்குப் பக்கத்தில் விரித்துக் காட்டினேன். தோழி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது.

"ஏனுங்கம்மா, மீனு செத்தா மறுநாளே ஊருக்குப் போறேன்னு சொன்னீங்களாமா?"

கம்பவுண்டரம்மா தொட்டியைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகம் இளகியதைக் கண்டேன்.

"செத்தா போறேன்னுதான் சொன்னேன். சாகட்டும்னா சொன்னேன்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நான்கு மாதம் இந்த மனுஷியை எதிரி என்று நினைத்திருந்தோம். அவர் பிறந்து வளர்ந்த தண்ணீர் இந்த மலையில் அந்தத் தொட்டியில் மட்டும்தான் இருந்தது. அது ஏன் அன்று எங்களுக்குத் தோன்றவில்லை என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நாங்களாவது பிள்ளைகள். கம்பவுண்டருக்கும் தோன்றவில்லை.

அவர் எழுந்து, இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, இன்றைக்கும் வயிற்று வலி உண்டா என்று முகத்தை மாற்றாமல் கேட்டார். இருவரும் ஒரே குரலில் இல்லை என்றோம். அன்று பகல் முழுக்க மூன்று பேரும் முறை வைத்து அமுக்கினோம். அவர் முறை வரும்போது இடது கையால் அமுக்கினார். அமுக்கிக்கொண்டே, கடல் சாமந்திக்குள் கோமாளி மீன் எப்படிப் படுத்து உருளும் என்று கதை கதையாகச் சொன்னார். அவர் அத்தனை பேச்சுப் பேசுவார் என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது. வெளியே மழை கொட்டியது. அந்த வருஷத்தில் எனக்கு மிகப் பிடித்த நாள் எது என்று கேட்டால் அந்த நாளைத்தான் சொல்வேன்.

மறுநாள் கரண்டும் வந்தது, கம்பவுண்டரும் வந்தார். அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறி, முழங்கால்வரை சேறாக வாசலில் நின்றார். மருந்து மூட்டையைக்கூட இறக்கவில்லை. நேரே தொட்டிக்குப் போய் விரல் விட்டு எண்ணினார். ஐந்து. முகமெல்லாம் பல்லாகத் திரும்பினார்.

"பாத்தியா, நான் சொன்னேன்ல? மூணு நாளு ஆளே இல்லாம கெடந்தும் ஒண்ணும் சாகல. நீ தோத்துட்ட."

கம்பவுண்டரம்மா வலது கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டார்.

"ஆமா, தோத்துட்டேன்" என்றார்.

அடுப்படிக்குப் போய்க் காப்பி கலந்து எடுத்துவந்து இடது கையால் நீட்டினார். வீட்டுக்கு வந்த மனுஷனுக்கு யாராவது இடது கையால் கொடுப்பார்களா, இந்தப் பிள்ளைகளுக்கு இருக்கிற விவரம்கூட உனக்கு இல்லையே என்று கம்பவுண்டர் கடிந்துகொண்டார். கம்பவுண்டரம்மா எங்களை ஒரு பார்வை பார்த்தார். நானும் தோழியும் கொப்புளம் போட்ட கைகளால் வாயைப் பொத்திக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல், மழைக்குள் ஓடினோம்.